வடக்குத் தடத்துக்குப் போகாதீங்க

2003 டிசம்பர், ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு லப்பைக்குடிக்காட்டிலிருந்து கிளம்பினோம். நானும் என் மனைவி மும்தாஜும் மட்டும். மச்சானிடம் இரவல் வாங்கிய ஆம்னி வண்டி. பின்னிருக்கையில் ஒரு கூடாரம், இரண்டு பாய், கம்பளிகள், மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு தூக்கு நிறைய இடியாப்பம்.

ஷார்ஜாவில் நான் வேலை பார்ப்பது கூடாரம் விற்கும் கடையில். வெள்ளிக்கிழமைகளில் பாலைவனத்துக்குப் போய்த் தங்கும் அரபிக் குடும்பங்கள் எங்கள் வாடிக்கைக்காரர்கள். அவர்களுக்குப் பிரித்துக் காட்டுவதும் மடித்துக் கொடுப்பதும் என் வேலை. ஏ.சி. காற்றுக்கு அடியில், வழவழப்பான தரையில் எத்தனையோ முறை கூடாரம் அடித்திருக்கிறேன். ஒரு இரவுகூட ஒன்றில் படுத்ததில்லை. மூன்று வருடம் கழித்து விடுமுறைக்கு வந்தபோது, ஓரம் கிழிந்து விலை போகாமல் கிடந்த ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேன்.

“வூட்ல கட்டில் கெடக்கறப்ப, காட்டுல போயி எதுக்குடா படுக்கணும்?” என்று அம்மா கேட்டார்.

பச்சைமலை அடிவாரத்தில், கோரையாற்றுக்கு மேலே, தங்குவதற்கு ஒரு இடம் இருப்பதாக என்னுடன் ஷார்ஜா அறையில் இருக்கும் அரும்பாவூர்க்காரர் சொல்லியிருந்தார். சின்னராசு என்பவரின் பட்டா நிலம். காட்டை ஒட்டியது. சிமெண்ட் ஷீட் போட்ட இரண்டு கொட்டகையும் கூடாரம் அடிக்கத் தோதான சமதரையும் உண்டு. அங்கிருந்து அருவிக்கு ஒன்று, மலை உச்சிக்கு ஒன்று என்று நடைபாதைகள் போகின்றன. கூடாரத்துக்கு ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய். ஒரு மாதத்துக்கு முன்பே ஃபோனில் பேசியிருந்தேன். “தாராளமா வாங்க” என்றார்.

மங்களமேட்டில் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். ரஞ்சன்குடிக் கோட்டை மதில்மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெரம்பலூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு மேற்கே திரும்பினோம். இரண்டு பக்கமும் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். வேப்பந்தட்டையில் வழி கேட்க வண்டியை நிறுத்தியபோது டீக்கடைக்காரர் வழியைச் சொல்லவில்லை. முதலில் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“மலைக்கா? யாரைத் தேடிப் போறீங்க?”

“யாரையும் தேடலைங்க. சும்மா தங்கலாம்னு.”

“சும்மாவா?” என்றார். கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அப்புறம்தான் வழி கிடைத்தது.

“ஏங்க, அந்த ஆளு நம்ம நம்பரைப் பாத்து வாய்க்குள்ள சொல்லிக்கிட்டான்” என்றாள் மும்தாஜ், வண்டி கிளம்பியதும்.

பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தார் ரோடு முடிந்து, மண் ரோடும் முடிந்து, கடைசி ஒரு கிலோமீட்டர் வெறும் கல். இடம் கண்ணுக்குக் குளிர்ச்சி. மூன்று பக்கமும் மலை. புங்க மரங்களுக்கு நடுவே புல்தரை. எங்கோ பக்கத்தில் தண்ணீர் விழும் ஓசை.

சின்னராசுவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியானவர், காக்கி அரைக்கால்சட்டை போட்டிருந்தார். ஃபோனில் கேட்ட குரலேதான், ஆனால் அந்த உபசாரம் இல்லை. கொட்டகை வாசலில் நின்றபடியே பேசினார்.

“தப்பா நெனைக்காதீங்க. இப்ப தங்கறதுக்குத் தோதுப்படாது. தண்ணி வத்திப்போச்சு.”

“சத்தம் கேக்குதே?”

அவர் சற்று யோசித்தார். “கரடி நடமாட்டம் இருக்கு.”

“எங்க ஊருக்காரரு போன வாரம் பேசினப்பகூட நீங்க கரடியப் பத்திச் சொல்லலையாம்” என்று நான் ஒரு பொய்யை எடுத்து விட்டேன். அவர் என்னை விட்டுவிட்டு மும்தாஜைப் பார்த்தார். எந்த ஊர், எந்தத் தெரு, உங்க அத்தா பேர் என்ன, எப்பக் கல்யாணம் ஆச்சு என்று வரிசையாகக் கேட்டார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவளை இத்தனை கேட்டிருக்க மாட்டார்கள். கடைசியில் மனமில்லாமல் ஒத்துக்கொண்டார். கூடாரத்தை மேல் தரையில் அடிக்கக்கூடாது, கீழே ஓடையோரம்தான் அடிக்க வேண்டும்.

“அருவிக்குத் தெக்கால போற தடத்துலயே போங்க, வாங்க. வடக்குத் தடத்துக்குப் போகாதீங்க.”

“அங்க என்ன?”

“மலைத்தேனீ.”

கூடாரம் அடிப்பதில் அன்றைய பகல் போனது. கடைத் தரை வேறு, காட்டுத் தரை வேறு. நான்கு ஆணி வளைந்தது. ஆனாலும் அடித்து முடித்து உள்ளே உட்கார்ந்து, மும்தாஜ் போட்ட தேநீரைக் குடித்தபோது ராஜா மாதிரி இருந்தது. அது அரை மணி நேரம்தான்.

“அவரு தனி ஆளுன்னுதானே சொன்னாரு?” என்றாள் மும்தாஜ்.

“ஆமா.”

“ஒலைல மூணு நாலு பேருக்குச் சோறு வேகுது. தண்ணி வாங்கப் போனப்பப் பாத்தேன். கொடியில ஒரு பாவாடை காயுது.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே சின்னராசு கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். கையில் ஒரு தூக்கு, தோளில் கம்பளி. எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தேனீ இருப்பதாகச் சொன்ன அதே வடக்குத் தடத்தில் ஏறிப் போனார். திரும்பி வரும்போது தோளில் கம்பளி இல்லை.

எனக்குச் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று பட்டது. சந்தனக்கட்டையாகவும் இருக்கலாம். மும்தாஜுக்கு அதைவிட மோசமான சந்தேகம். “யாரோ ஒரு பொம்பளையைப் பூட்டி வெச்சிருக்கான்” என்றாள். இருட்டுவதற்குள் கிளம்பிவிடலாமா என்றேன். “அப்படி ஒருத்தி இருந்தா, அவளை விட்டுட்டா போறது?” என்றாள். கார் சாவியைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். கூடாரத்தில் என் முதல் தூக்கம் அப்படித்தான் அமைந்தது.

ஞாயிறு காலை. தெற்குத் தடத்தில் அருவிக்கு நடந்தோம். உசிலையும் மூங்கிலும் அடர்ந்த ஏற்றம், முக்கால் மணி நேர நடை. பனி ஈரத்தில் இலைகள் பளபளத்தன. மழைக்காலம் முடிந்த கையோடு வந்திருந்ததால் அருவியில் நிறையத் தண்ணீர். பாறையில் பட்டு வெள்ளைச் சேலை உதறுவது போல விழுந்தது. கீழே குட்டை, அடியில் கிடக்கும் கூழாங்கல்வரை தெரிந்தது. மும்தாஜ் பர்தாவோடு இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்தாள். மூன்று வருடம் ஃபோனில் மட்டுமே கேட்ட சிரிப்பு.

அந்த நேரத்தில்தான் எதிர்ச் சரிவில், பாறை இடுக்கில், ஒரு தலை தெரிந்தது. இளைஞன். நான் பார்த்ததும் குனிந்து மறைந்தான்.

உடனே திரும்பினோம். கூடாரத்தின் ஜிப் திறந்து கிடந்தது. பைகளில் இருந்த துணிமணி எல்லாம் வெளியே எடுக்கப்பட்டு, ஒழுங்காக மடித்து, திரும்ப வைக்கப்பட்டிருந்தது. என் சட்டைகளை மும்தாஜ் அப்படி மடிக்கமாட்டாள். பணம் அப்படியே இருந்தது. அதுதான் எனக்கு அதிக பயத்தைக் கொடுத்தது.

நேராகக் கொட்டகைக்குப் போனேன். சின்னராசு விறகு பிளந்துகொண்டிருந்தார்.

“எங்க பையை யாரு பாத்தது?”

அவர் மறுக்கவில்லை. கோடாலியைக் கீழே வைத்தார். “நான்தான்.”

“என்ன தேடினீங்க?”

“போட்டோ.”

“என்ன போட்டோ?”

“ஒரு பொண்ணு போட்டோ. அதைக் கையில வெச்சுக்கிட்டுதான் ஒரு வாரமா கீழ ஆளுங்க அலையறாங்க. முந்தாநேத்து வரைக்கும் பைக்குல வந்தாங்க. நேத்து என்னன்னா பாயும் அம்மாவுமா வந்து, கூடாரம் போடறோம்னு நிக்கறீங்க. இந்த ஊர்ல எவன் காட்டுக்கு வந்து கூடாரம் போடறான்? நீங்களே சொல்லுங்க.”

திரும்பிப் பார்த்தேன். மும்தாஜ் பின்னால் இல்லை. வடக்குத் தடத்தின் திருப்பத்தில் அவளுடைய கறுப்புத் துணி ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

நானும் சின்னராசுவும் ஓடினோம். மேலே பாறைக்குக் கீழ், பனையோலை சாத்திய சின்னத் தடுப்பு. உள்ளே அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண் படுத்திருந்தாள். பத்தொன்பது, இருபது வயது. பெயர் செல்வி. மும்தாஜ் அவள் நெற்றியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“நெருப்பாக் கொதிக்குது. இத்தனை நாளா இப்படியேவா போட்டு வெச்சிருக்கீங்க?”

அருவிக்கரையில் பார்த்த இளைஞன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். அவன் பெயர் பாலு. எலக்ட்ரிக் வேலை, கூரை வேலை எல்லாம் செய்பவன். இரண்டு பேரும் ஒரே ஊர். அவள் ஊருக்குள், அவன் காலனியில். சிறுவாச்சூர் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை தாலி கட்டியிருக்கிறான். அன்று சாயந்திரமே அவள் சொந்தக்காரர்கள் வந்து அவன் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

“இந்தக் கொட்டகைக்கு ஷீட் மாட்டினவனே இவன்தான்” என்றார் சின்னராசு. “வந்து நின்னான். போடான்னு சொல்ல வாய் வரலை. திருப்பூருக்கு அனுப்பிடலாம்னு பாத்தா, இந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. எல்லா பஸ்ஸுலயும் ஏறிப் பாக்கறானுங்க.”

“ஆஸ்பத்திரிக்கு நாங்க கொண்டு போறோம்” என்றாள் மும்தாஜ்.

நான் அவளைத் தனியே அழைத்துப் பேசினேன். “யோசிச்சுப் பேசு. இது ரெண்டு சாதிக்குள்ள இருக்கற வெவகாரம். நடுவுல நாம போயி நின்னா அது வேற மாதிரி ஆயிடும். நான் இன்னும் ஒரு மாசத்துல பிளேன் ஏறணும்.”

“ஏறுங்க. யாரு வேண்டாம்னா? அதுக்கு முன்னாடி வண்டியை எடுங்க.”

ஆனால் எங்களை நம்பப் பாலு தயாராக இல்லை. என் முன்னால் வந்து நின்றான். “லப்பைக்குடிக்காட்டுல எந்தத் தெரு சொன்னீங்க?”

சொன்னேன்.

“அந்தத் தெரு முக்குல என்ன கடை இருக்கு?”

“சைக்கிள் கடை.”

அவன் முகம் இறுகியது. சின்னராசுவைப் பார்த்தான். “அண்ணே, பொய். அங்க செல்ஃபோன் கடைதான் இருக்கு. நானே லைட் போட்டுக் குடுத்திருக்கேன்.”

“அட, சைக்கிள் கடையை எடுத்து ரெண்டு வருஷமாச்சுப்பா” என்றாள் மும்தாஜ். “இவரு மூணு வருஷம் கழிச்சு இப்பதான் வந்திருக்காரு. அந்தச் செல்ஃபோன் கடைக்காரனுக்கு ஒரு காது கேக்காது. வேற என்ன வேணும், கேளு.”

தடுப்புக்குள்ளிருந்து செல்விதான் பேசினாள். “நான் போறேன், பாலு. இங்கயே கெடந்தாலும் ஒண்ணுதான்.”

அப்படித்தான் முடிவாயிற்று. பாலுவை வண்டியில் ஏற்ற முடியாது. அவனைப் பார்த்தால் உடனே அடையாளம் தெரிந்துவிடும். அவனும் சின்னராசுவும் உச்சிக்குப் போகும் தடத்தில் ஏறி, மறுபக்கம் கெங்கவல்லி வழியாக இறங்கி, பஸ் பிடித்து ஆத்தூருக்கு வருவது. நாங்கள் செல்வியோடு ரோட்டு வழியாக ஆத்தூர் போவது. மும்தாஜ் கொண்டுவந்திருந்த இன்னொரு பர்தாவைச் செல்விக்குப் போட்டுவிட்டாள். முகத்திரையையும் கட்டினாள். கூடாரத்தை நான் சரியாக மடிக்கக்கூட இல்லை. சுருட்டிப் பின்னால் திணித்தேன். மலையேறும்போது பாலு நின்று நின்று வண்டியைப் பார்த்தான். எங்களை நம்பி அல்ல, வேறு வழியில்லாமல்தான் அனுப்பினான். எனக்கும் அவன்மேல் முழு நம்பிக்கை வந்துவிடவில்லை. அவன் சொன்னதெல்லாம் அவன் சொன்னதுதானே.

மதியம் இரண்டு மணி. மண் ரோடு தார் ரோட்டில் சேரும் இடத்தில் மூன்று பேர் குறுக்கே நின்றார்கள். இரண்டு பைக். ஒன்றின் பக்கவாட்டுப் பையிலிருந்து அரிவாள் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. மீசை வைத்த ஒருவன் ஜன்னலில் குனிந்தான்.

“எங்கேருந்து பாய்?”

“மேலருந்து. ராத்திரி தங்கினோம்.”

“மேல ஒரு பையனும் பொண்ணுமா யாராச்சும் இருந்தாங்களா?”

“அந்த ஆளு ஒருத்தருதான் இருந்தாரு.”

அவன் பின்னிருக்கையைப் பார்த்தான். இரண்டு கறுப்பு உருவங்கள். ஒன்று மற்றதன் தோளில் சாய்ந்திருந்தது.

“இது யாரு?”

“என் தங்கச்சி. காய்ச்சல். ஆத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

“பெரம்பலூர்தானே கிட்ட? ஆத்தூருக்கு எதுக்கு?”

உள்ளேயிருந்து மும்தாஜ் சொன்னாள், “ஆத்தூர்ல எங்க சொந்தக்கார டாக்டரம்மா இருக்காங்க.”

“அந்தப் பொண்ணு பேரு என்ன? அதையே சொல்லச் சொல்லுங்க.”

செல்விக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நீண்ட, வறண்ட இருமல். அதைக் கேட்டு, பின்னால் தள்ளி நின்றிருந்த மூன்றாவது ஆள் வண்டிக்கு அருகே வந்தார். வயதானவர், பல நாள் தாடி, அழுக்கு வேட்டி.

“எங்க வூட்டுப் பொம்பளைகிட்ட ரோட்ல நிறுத்திப் பேரு கேக்கறீங்களா?” என்று மும்தாஜ் சீறினாள். “உங்க வூட்டுப் பொம்பளைய இப்படிக் கேட்டா விடுவீங்களா?”

மீசைக்காரன் கதவில் கை வைத்தான். பெரியவர் அவன் தோளைப் பிடித்தார். “விடுடா. போகட்டும். உடம்பு சரியில்லாத புள்ளை.” என்னைப் பார்த்து, “தப்பா நெனைச்சுக்காதீங்க பாய். போங்க” என்றார்.

கிருஷ்ணாபுரம் தாண்டும்வரை, கண்ணாடியில் பின்னால் பைக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு லாரி, ஒரு கரும்பு டிராக்டர். வேறு ஒன்றும் இல்லை.

“கடைசியாப் பேசினது எங்க அப்பா” என்றாள் செல்வி.

மும்தாஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உன்னை அடையாளம் தெரிஞ்சிருக்குமா?”

“தெரியலக்கா. அவரு அடிக்க மாட்டாரு. கூட இருந்த சித்தப்பாதான்.” பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடிக்காத அப்பா ஏன் அரிவாளோடு நிற்பவர்கள் கூட நிற்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

ஆத்தூரில் சின்னராசு சொல்லியிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டைபாய்டு என்றார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சிரமம் என்றார் டாக்டர். பொழுது சாயும் நேரத்தில் பாலு மட்டும் வந்தான்; சின்னராசு கெங்கவல்லியிலேயே திரும்பிவிட்டாராம். கால் எல்லாம் முள் கிழித்த கோடுகள். எங்களைத் தாண்டி உள்ளே ஓடி, அவள் கட்டிலில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் வெளியே வந்து என் கையைப் பிடித்தான். அன்று நாங்கள் ஆத்தூரிலேயே லாட்ஜில் தங்கினோம்.

திங்கள் காலை ஊருக்குக் கிளம்பினோம். கிருஷ்ணாபுரம் பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரப் புளியமரத்தடியில் ஒருவர் கை காட்டினார். அந்தப் பெரியவர். தனியாக.

“நிறுத்தாதீங்க” என்றாள் மும்தாஜ். நான் தாண்டித்தான் போனேன். ஆனால் கண்ணாடியில், அவர் கையைக் கீழே இறக்காமல் வண்டிக்குப் பின்னால் நடந்து வருவது தெரிந்தது. பிரேக் போட்டேன். எஞ்சினை அணைக்கவில்லை. ஜன்னலைப் பாதி இறக்கினேன். சோளக்கொல்லைப் பக்கம், மரத்துக்குப் பின்னால், அவர் இடுப்பில், எல்லா இடத்தையும் பார்த்தேன்.

“உங்க தங்கச்சிக்கு எப்படி இருக்கு பாய்?”

“பரவாயில்லைங்க. காய்ச்சல் எறங்குது.”

“என்ன காய்ச்சலாம்?”

“டைபாய்டு.”

அவர் தலையாட்டினார். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஜன்னலருகே குனிந்து மெதுவாகச் சொன்னார். “அதுக்கு மாத்திரை முழுங்க வராது பாய். சின்னதுலேருந்தே அப்படித்தான். தொண்டையில நிக்கும், வாந்தி எடுத்துடும். பொடிச்சு, தேன்ல கொழைச்சுக் குடுக்கச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்துவிட்டார்.

மும்தாஜ் பர்தா நுனியால் கண்ணைத் துடைத்தாள். “வண்டியைத் திருப்புங்க” என்றாள்.

“வேணும்னே சொல்லிட்டு, நம்ம பின்னாடியே வந்து எந்த ஆஸ்பத்திரின்னு பாக்கறதுக்கா இருந்தா?”

“அப்படி நெனைச்சிருந்தா நேத்தே கதவைத் திறக்க விட்டிருப்பாரு. திருப்புங்க.”

திருப்பினேன். இருந்தாலும் ஆத்தூருக்குள் இரண்டு தெரு சுற்றி, யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகே ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். வழியில் ஒரு பாட்டில் தேன் வாங்கினோம். செல்வியும் பாலுவும் அடுத்த வாரம் திருப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு பேருக்கும் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்தது, பிறகு மும்தாஜ் எனக்கு ஷார்ஜாவுக்கு ஃபோனில் சொன்ன செய்தி. இன்றும் கடையில் கூடாரம் விரித்துக் காட்டும்போது யாராவது, “நீ இதில் தங்கியிருக்கிறாயா?” என்று கேட்டால், “ஒரு ராத்திரி” என்கிறேன்.

ஆனால் அந்த மலைப் பயணத்தில் எனக்குள் நின்றுபோனது அருவியும் இல்லை, கூடாரமும் இல்லை. அன்று கட்டிலருகே நின்று, அவள் அப்பா சொன்ன வார்த்தையைச் சொன்னபோது செல்வி அழவில்லை. கொஞ்ச நேரம் தேன் பாட்டிலையே பார்த்தாள். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவரு சாப்ட்ட மாதிரி இருந்தாராண்ணா?”

எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. அரிவாள் இருக்கிறதா என்று இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.